கோதுமையின் மூன்று நகல்களுக்குப் பின்னால்

கோதுமை விதைகளை இ.எம்.எஸ். கரைசலில் ஊறவைக்கும் வேலை ஒரே இரவில் முடிந்துவிடும். அந்த இரவில் விதைக்குள் நிகழ்ந்த மாற்றம் ஒரு செடியின் உடலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாரும் தேடிப் போகாவிட்டால் பெரும்பாலான மாற்றங்கள் தெரியாமலேயே போய்விடும். இங்கிலாந்தில் ஒரு கோதுமை ஆய்வகத்தில் நான் பணியாற்றிய ஆண்டுகள் பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் கழிந்தன. அதைப் பற்றித் தமிழில் ஒருமுறையாவது விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இ.எம்.எஸ். என்பது எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் என்னும் நிறமற்ற திரவம். பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே இருந்தாலும் தண்ணீரைவிடக் கனமானது. குடுவையில் விட்டவுடன் அடியில் போய்த் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கினால்தான் கரையும். புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருள் என்பதால் இரண்டு அடுக்குக் கையுறை அணிந்து, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் என்ற பெட்டிக்குள் கையை மட்டும் நுழைத்துத்தான் அதைக் கையாள்வோம். பக்கத்திலேயே சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் நிறைந்த ஒரு வாளி இருக்கும். இ.எம்.எஸ். தொட்ட பிப்பெட் முனை, கையுறை, சிந்தியதைத் துடைத்த தாள் என எதுவாக இருந்தாலும் அந்த வாளியில் நாள் முழுக்கக் கிடந்து நஞ்சு முறிந்த பிறகுதான் வெளியே போகும். ரொட்டிக் கோதுமைக்குப் பொதுவாக 0.6 முதல் 1 சதவீதக் கரைசல் போதும். மாலையில் விதையைப் போட்டு, மெல்ல அசையும் மேடையில் குடுவையை இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் ஓடும் தண்ணீரில் மணிக்கணக்காகக் கழுவுவோம். கழுவி முடித்த விதைகளைத் தட்டில் பரப்பிப் பார்த்தபோது, வெறும் தண்ணீரில் ஊறிய விதைகளுக்கும் அவற்றுக்கும் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. நெல் விதையைக் கோணிப்பையோடு ஊறப்போட்டு முளைகட்டும் வீட்டில் வளர்ந்த எனக்கு, உப்பிப் பருத்து முளைவிடத் தயாராக இருக்கும் விதையின் அந்தத் தோற்றம் மிகவும் பழக்கமானது.

அளவைத் தீர்மானிப்பதில்தான் அனுபவம் வேண்டும். முதலில் சிறு சிறு தொகுதிகளாக விதைகளைப் பிரித்து, வெவ்வேறு செறிவுகளில் ஊறவைத்து, எந்தச் செறிவில் ஏறத்தாழ பாதி விதைகள் பிழைத்து வளர்கின்றன என்று பார்ப்போம். அதற்கு மேல் போனால் விதை தரும் செடிகள் கைக்கு மிஞ்சாது. மிகவும் கீழே இருந்தால் மாற்றங்கள் போதாது. ஒரே ரகத்தின் விதையானாலும் எந்த ஆண்டு அறுவடையானது, எவ்வளவு உலர்ந்திருந்தது என்பதைப் பொறுத்து இந்த அளவு நகரும். எனவே புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த இரவில் நடப்பது வேதியியல் கண்ணோட்டத்தில் மிகச் சிறிய செயல். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் வழக்கமாகச் சைட்டோசினோடு இணை சேரும். இ.எம்.எஸ். தன்னிடமுள்ள எத்தில் தொகுதியைக் குவானினின் ஓர் ஆக்சிஜன் அணுவில் ஒட்டவைத்துவிடுகிறது. அப்படி ஒட்டுப்பட்ட குவானின், செல் அடுத்த முறை தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது தைமினோடு இணைந்துகொள்கிறது. இன்னொரு முறை படியெடுத்தால் அந்த இடத்தில் நிலையாக அடினைன் வந்து உட்கார்ந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், குவானின்-சைட்டோசின் இணை இருந்த இடத்தில் அடினைன்-தைமின் இணை. கோதுமையில் இ.எம்.எஸ். உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே வகைதான். காமாக் கதிரும் எக்ஸ் கதிரும் குரோமோசோமையே உடைத்துத் துண்டுகளை இழக்கச் செய்யக்கூடியவை. இந்த ரசாயனமோ ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். ஆனால் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லில் உள்ள இரண்டு குவானின்களில் எது அடினைனாக மாறினாலும் அது ‘இங்கே நிறுத்து’ என்ற குறியாகிவிடும். புரதம் பாதியில் அறுந்துபோகும். மரபணுவுக்குள் வெட்டி ஒட்ட வேண்டிய எல்லைகளைக் காட்டும் இடங்களிலும் குவானின் இருப்பதால், அங்கே விழும் மாற்றம் முழுச் செய்தியையும் குலைத்துவிடும்.

ரசாயனத்தால் மரபுப் பண்பை மாற்ற முடியும் என்ற அறிவே போர்க்காலத்தில் பிறந்தது. 1940களின் தொடக்கத்தில் எடின்பரோவில் சார்லட் அவர்பாக், ஜே.எம். ராப்சன் இருவரும் பழ ஈக்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்தி அதைக் கண்டறிந்தார்கள். போர் இரகசியம் காரணமாக 1946 வரை அதை வெளியிட முடியவில்லை. கதிர்வீச்சின் கதை அதற்கும் முந்தியது. அமெரிக்காவின் லூயிஸ் ஸ்டேட்லர் 1928இல் பார்லியிலும் மக்காச்சோளத்திலும் எக்ஸ் கதிரால் சடுதிமாற்றங்களை, அதாவது மரபுப் பொருளில் திடீரென நிகழும் மாற்றங்களை, உண்டாக்கிக் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை கோதுமைக்காரர்களுக்கு இன்னும் முக்கியமானது. ஒரே ஒரு மரபணுத்தொகுதி கொண்ட எளிய கோதுமை இனத்தில் சடுதிமாற்றங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. குரோமோசோம் எண்ணிக்கை கூடக் கூட அவை அரிதாகிக்கொண்டே போயின.

காரணம் கோதுமையின் பிறப்பிலேயே இருக்கிறது. நாம் பூரிக்கும் சப்பாத்திக்கும் பிசையும் ரொட்டிக் கோதுமை மூன்று வெவ்வேறு புல்லினங்களின் மரபணுத்தொகுதிகளை ஏ, பி, டி என்ற பெயர்களில் தனக்குள் வைத்திருக்கிறது. காட்டுப் புற்கள் இரண்டின் சேர்க்கையால் இரண்டு தொகுதிகள் கொண்ட நான்மடிக் கோதுமை உருவாயிற்று. மனிதர் பயிரிடத் தொடங்கிய பிறகு, ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், அது இன்னொரு புல்லோடு கலந்து மூன்று தொகுதிகள் கொண்ட அறுமடிக் கோதுமையாயிற்று. 42 குரோமோசோம்கள், 2018இல் வெளியான முழு டிஎன்ஏ வரிசையின்படி ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்கள். அவற்றில் பல, மூன்று நகல்களாக இருக்கின்றன. ஒரு நகலில் சடுதிமாற்றம் விழுந்து அது செயலிழந்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். செடி எதுவும் நடவாததைப் போல வளரும்.

இதை நான் முதலில் வயலில்தான் உணர்ந்தேன். இ.எம்.எஸ்.ஸில் ஊறி முளைத்த முதல் தலைமுறைச் செடிகளை எம்1 என்போம். விதைக்குள் இருக்கும் கரு ஏற்கெனவே பல செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு மாற்றம் விழுந்திருக்கும். ஆகையால் எம்1 செடி, பல நிறத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததைப் போன்றது. அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு செடியிலும் ஒரு கதிரை எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு விதையை விதைத்தால் வருவது எம்2. அந்தத் தலைமுறையில்தான் மாற்றங்கள் ஒரு செடியின் உடல் முழுவதும் ஒரே சீராக இருக்கும். எங்கள் எம்2 வரிசைகளுக்கு அருகிலேயே, வேறொரு குழு அதே முறையில் தயாரித்த பார்லி வரிசைகள் இருந்தன. பார்லி ஒற்றைத் தொகுதிப் பயிர். அங்கே பச்சையமே இல்லாமல் வெள்ளைக் காகிதத்தைப் போல முளைத்து ஒரு வாரத்தில் மடியும் நாற்றுகள், மஞ்சள் கோடிட்ட இலைகள், முழங்கால் உயரத்துக்குமேல் எழாத குட்டைகள் எனக் கண்ணை நிறுத்தும் காட்சிகள் இருந்தன. எங்கள் கோதுமை வரிசைகளில் நடந்துபோனால், ஓரிரண்டு செடிகள் தாமதமாகக் கதிர் வாங்கின, சிலவற்றின் கண்ணாடி இலை, அதாவது கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலை, சற்று அகலமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்தபோது, அடக்கமாக நின்ற அந்தக் கோதுமைச் செடி ஒவ்வொன்றும் பார்லியைவிடப் பல மடங்கு சடுதிமாற்றங்களைச் சுமந்துகொண்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த முரண் இதுதான். 2004இல் வெளியான ஒரு பார்லித் தொகுப்பில் ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துகளுக்கு ஒரு மாற்றம் என்ற அடர்த்தி கிடைத்தது. மருந்தை மிகவும் கூட்டினால் செடி பிழைக்காது. 2005இல் வெளியான கோதுமைத் தொகுப்பில் நான்மடிக் கோதுமையில் 40,000 எழுத்துகளுக்கு ஒன்று, அறுமடிக் கோதுமையில் 24,000 எழுத்துகளுக்கு ஒன்று. மாற்றத்தின் விளைவை மறைக்கும் அதே மூன்று நகல்கள்தான் இவ்வளவு பெரிய சுமையைத் தாங்கி உயிர்வாழும் வலிமையையும் செடிக்குத் தருகின்றன. சடுதிமாற்ற முறைக்குக் கோதுமை ஒத்துவராது என்று ஒரு காலத்தில் பலர் கைவிட்டதற்கும், இன்று வேறெந்தப் பெரிய தானியத்தையும்விடக் குறைந்த எண்ணிக்கைச் செடிகளில் அதிகமான மாற்றங்களைச் சேமிக்க முடிவதற்கும் காரணம் ஒன்றே.

தேவைப்பட்டதெல்லாம் செடியின் தோற்றத்தைப் பார்க்காமல் நேராக டிஎன்ஏவைப் பார்க்கும் வழி. அந்த வழி 2000ஆம் ஆண்டில் டில்லிங் என்ற பெயரில், அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடிக்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. பல செடிகளின் டிஎன்ஏவைக் கலந்து, வேண்டிய மரபணுவை மட்டும் பெருக்கி, இழைகளைப் பிரித்து மீண்டும் சேரவிடுவார்கள். மாற்றமுள்ள இழையும் மாறாத இழையும் சேரும் இடத்தில் ஓர் எழுத்து பொருந்தாமல் புடைத்து நிற்கும்; செலரித் தண்டிலிருந்து எடுக்கும் ஒரு நொதி அந்த இடத்தை மட்டும் வெட்டும். துண்டுகளின் நீளத்தைப் பார்த்தே மாற்றம் எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடலாம். 2005இல் இந்த முறையில் 1,920 கோதுமைச் செடிகளைத் துழாவி, மாவுச்சத்தின் அமைலோஸைத் தயாரிக்கும் வாக்ஸி மரபணுக்களில் மட்டும் 246 வெவ்வேறு மாற்றங்களைக் கண்டெடுத்தார்கள். இயற்கையில் அதுவரை கிடைத்திருந்த வாக்ஸி மாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

2017இல் வந்த பணி இதையும் கடந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட், எர்ல்ஹாம், ஜான் இன்னெஸ் ஆகிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள், க்ரோனோஸ் என்ற நான்மடிப் பாஸ்தா கோதுமையிலும் கடென்சா என்ற ரொட்டிக் கோதுமையிலுமாக 2,735 சடுதிமாற்ற வரிசைகளின் (ஒவ்வொன்றும் ஒரே செடியின் வழிவந்தது) புரதம் குறிக்கும் பகுதிகளைப் படித்து முடித்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமான மாற்றங்கள் கிடைத்தன. சராசரியாகக் க்ரோனோஸ் வரிசை ஒன்றில் 2,705, கடென்சா வரிசை ஒன்றில் 5,351. படிக்கப்பட்ட மரபணுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் புரதத்தை அறுக்கும் அல்லது கடுமையாகக் கெடுக்கும் மாற்றம் ஒன்றாவது இருந்தது. இவற்றை இணையத்தில் எவரும் தேடலாம். மரபணுவின் பெயரைக் கொடுத்தால் எந்தெந்த வரிசையில், எந்த எழுத்தில் மாற்றம் என்று பட்டியல் வரும். விதையையும் கேட்டு வாங்கலாம். இவ்வளவு உழைப்பில் உருவான ஒரு செல்வத்தை உரிமைக் கட்டுக்குள் பூட்டிவைக்காமல் திறந்துவிட்டவர்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். சிறிய ஆய்வகம் ஒன்றில் இருந்த எங்களால் எதையாவது செய்ய முடிந்தது அதனால்தான்.

மறைந்திருந்தவை வெளியே வந்தபோது என்னென்ன கிடைத்தன என்பதற்கு, தானிய அளவைக் கட்டுப்படுத்தும் ஜிடபிள்யூ2 என்ற மரபணு நல்ல எடுத்துக்காட்டு. நெல்லில் இது செயலிழந்தால் மணி அகலமாகும் என்பது முன்பே தெரியும். நெல்லில் நகல் ஒன்றே என்பதால் இயற்கையில் தோன்றிய மாற்றமே கண்ணில் பட்டுவிட்டது. கோதுமையில் ஏ நகலின் ஒட்டும் எல்லையில் இருந்த ஒரு குவானின் அடினைனாக மாறிய க்ரோனோஸ் வரிசையை எடுத்துப் பார்த்தபோது, ஆயிரம் மணியின் எடை 6.6 சதவீதம் கூடியிருந்தது. வயலில் வரிசையாக நிற்கும் செடிகளைப் பார்த்து இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் கண்டுபிடித்திருக்காது. ரொட்டிக் கோதுமையில் பி, டி நகல்களையும் செயலிழக்கச் செய்து சேர்த்தபோது விளைவு படிப்படியாகக் கூடியது. மூன்று நகல்களும் மூன்று பூட்டுகளைப் போல ஒவ்வொன்றாகத் திறந்தன.

சாம்பல் நோயிலும் கதை இதே வகையானது. பார்லியில் எம்எல்ஓ என்ற மரபணு செயலிழந்தால் அந்நோய் அண்டுவதில்லை. 1942இலேயே ஜெர்மனியில் எக்ஸ் கதிரால் அத்தகைய பார்லி கிடைத்துவிட்டது. கோதுமையிலோ மூன்று நகல்களும் ஒரே செடியில் பழுதாக வேண்டும். இயற்கையில் அப்படி நேர்வதற்கான வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். கடென்சா வரிசைகளிலிருந்து மூன்றையும் தேர்ந்து சேர்த்த ரொட்டிக் கோதுமை 2017இல் அறிவிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பு முழுமையாக இல்லாவிட்டாலும் வலுவாக இருந்தது. செடியின் வளர்ச்சியும் குன்றவில்லை.

மூன்று நகல்களும் மாற வேண்டிய தேவையில்லாத பண்புகள் மட்டும் முன்னதாகவே சந்தைக்கு வந்துவிட்டன. ஃபிடெல் என்ற பிரெஞ்சுக் கோதுமையின் விதைகளைச் சோடியம் அசைடு என்ற வேறொரு ரசாயனத்தில் ஊறவைத்து, முளைத்தவற்றைக் களைக்கொல்லிக்கு உட்படுத்தி, தாங்கியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். களைக்கொல்லி போய் ஒட்டும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே செடி பிழைக்கும் என்பதால், ஒரு நகல் மாறினாலும் பயன் உண்டு. கிளியர்ஃபீல்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கோதுமை ரகங்களின் மூலம் இதுவே. தேடுவது எளிதாக இருந்த பண்பு முதலில் வந்ததில் வியப்பில்லை. ஆனாலும் உண்பவருக்கும் நிலத்துக்கும் நேரடியாகப் பயன்படும் பண்புகள் இத்தனை ஆண்டுகள் பின்தங்கிவிட்டனவே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

துரு நோயில் இதே ரசாயனம் தலைகீழாகப் பயன்பட்டது. என் மனத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. யூக்99 என்ற தண்டுத் துருப் பூஞ்சை இனம் 1990களின் இறுதியில் உகாண்டாவில் தோன்றிப் பரவியபோது, அதைத் தாங்கும் மரபணுக்களின் பெயர்கள் தெரிந்திருந்தும் பலவற்றின் எழுத்து வரிசை தெரியாமல் இருந்தது. துருவைத் தாங்கும் கோதுமையை எடுத்து இ.எம்.எஸ்.ஸில் ஊறவைத்து, அடுத்த தலைமுறையில் தாங்கும் திறனை இழந்து துருப்பிடித்த செடிகளைப் பொறுக்கினார்கள். தனித்தனியாகத் தோன்றிய அந்தச் செடிகள் அனைத்திலும் பழுதாகியிருக்கும் மரபணு எதுவோ, அதுவே காவலாக நின்ற மரபணு. எஸ்ஆர்22, எஸ்ஆர்45 என்ற துரு எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டும் 2016இல் இப்படித்தான் கைக்கு வந்தன. நீலகிரியின் வெலிங்டனில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில், துரு எதிர்ப்புக் கோதுமைக்காகவே பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்பதை நம் ஊரிலேயே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் காமாக் கதிரைக் கொண்டு சொனோரா 64 என்ற கோதுமை ரகத்தின் சிவப்பு மணியைப் பொன்னிறமாக்கித் தந்த ஷர்பதி சொனோரா 1967இல் வெளிவந்தது என்பதையாவது சிலர் அறிந்திருக்கலாம். சப்பாத்திக்குச் சிவப்புக் கோதுமையை மக்கள் விரும்பவில்லை என்ற எளிய காரணம் அந்தப் பணிக்குப் பின்னால் இருந்தது.

இவை மரபணு மாற்றுப் பயிர்கள்தானே என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேறோர் உயிரின் மரபணு எதுவும் இவற்றில் நுழைக்கப்படுவதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தந்த தீர்ப்பிலும், நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இத்தகைய சடுதிமாற்ற முறைகளுக்கு மரபணு மாற்று உயிரிகளுக்கான ஐரோப்பியச் சட்டத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு நீடிக்கிறது.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது மாவுச்சத்தில் கிளைகளைச் சேர்க்கும் எஸ்பிஇ2ஏ என்ற நொதியின் மரபணு. சாதாரணக் கோதுமை மாவுச்சத்தில் நேர் சங்கிலியான அமைலோஸ் ஏறத்தாழ கால் பங்கு. இந்த நொதியின் மூன்று நகல்களும் இல்லாத கோதுமையில் அது பாதியளவுக்கு உயரும். அமைலோஸ் மிகுந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்தைப் போலப் பெருங்குடலைச் சென்றடைவதால், உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறும். சர்க்கரை நோயாளிகள் இல்லாத வீட்டை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. அதனால் இந்த மரபணுவைத் தேர்ந்தபோது எனக்கு வேறு யோசனையே வரவில்லை. இதை முன்பே சிலர் செய்து காட்டியிருந்தார்கள். எங்கள் நோக்கம் வேறு மாற்றங்களைக் கொண்டு, விளைச்சல் குறையாமல் அதே நிலையை எட்ட முடியுமா என்று பார்ப்பது.

கடென்சா வரிசைகள் மூன்றின் விதைகள் பழுப்பு நிறச் சிறு உறைகளில் வந்தன. உறைக்குப் பத்துப் பன்னிரண்டு மணிகள். உடனே விதைத்து, கதிர் வெளிவந்ததும் ஒட்டுச் சேர்க்கத் தொடங்கினோம். கோதுமைப் பூ தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் என்பதால், பூ திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு சிறுகதிரின் நடுப் பூவையும் கிள்ளி எடுத்துவிட்டு, ஓரத்து இரண்டு பூக்களின் உமியை இடுக்கியால் மெல்ல விலக்கி, பச்சையாக இருக்கும் மூன்று மகரந்தப்பைகளையும் நசுங்காமல் எடுக்க வேண்டும். ஒன்று நசுங்கினாலும் அந்தப் பூ வீண். பிறகு கதிருக்கு உறையிட்டு, இரண்டு மூன்று நாள்களில் சூலகமுடி இறகைப் போல விரிந்ததும் மற்ற வரிசையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும்.

அவசரத்தில் ஒரு பிழை செய்துவிட்டோம். தரவுத்தளத்தில் மாற்றம் இருப்பதாகச் சொல்லப்படுவது படிக்கப்பட்ட எம்2 செடியில். அந்தச் செடியில் அது ஒற்றைப் படியில், அதாவது தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும், இருந்திருந்தால், நம் கைக்கு வரும் பிந்தைய தலைமுறை விதைகளில் சிலவற்றில் அது இல்லாமலே போகலாம். டி நகலுக்கான செடியை நாங்கள் சோதிக்காமலேயே ஒட்டுக்குப் பயன்படுத்தினோம். அதில் மாற்றமே இல்லை என்பது அடுத்த தலைமுறையில்தான் தெரிந்தது. ஆறு மாத உழைப்பு போயிற்று. அதன் பிறகு, இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதிக்காமல் ஒரு செடியைக்கூட நாங்கள் தொட்டதில்லை.

இரண்டாம் முறை சரியாக அமைந்தது. ஒவ்வொரு வரிசையையும் முதலில் மூலக் கடென்சாவோடு இருமுறை ஒட்டுச் சேர்த்தோம். ஆயிரக்கணக்கான தேவையற்ற மாற்றங்களில் ஒவ்வொரு முறையும் பாதி கழியும், இருமுறைக்குப் பின் ஏறத்தாழ கால் பங்கு மிஞ்சும். நாளுக்கு 22 மணி நேரம் விளக்கொளி தரும் அறையில் வளர்த்ததால் தலைமுறைகள் விரைவாக வந்தன. மூன்று மாற்றங்களும் ஒற்றைப் படியில் உள்ள செடி கிடைத்ததும் அதன் விதைகளை விதைத்தோம். மூன்றும் இரட்டைப் படியில், அதாவது இரு வழிக் குரோமோசோம்களிலும், அமைய 64இல் ஒரு வாய்ப்பு. 192 நாற்றுகளின் இலைத் துண்டுகளைத் தட்டுகளில் அடுக்கிச் சோதித்ததில் இரண்டு தேறின. ஒன்று கண்ணாடி இலை வந்தபின் நலிந்து போயிற்று. எஞ்சியிருந்த மாற்றங்களில் ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்க வேண்டும்.

மற்றது ஐந்து தூர் கட்டி, பால் பிடித்து, மற்றச் செடிகளைவிட ஒரு வாரம் தாமதமாகப் பழுத்தது. அதன் மணிகள் சற்றே சுருங்கி, ஒளி ஊடுருவாத மங்கல் நிறத்தில் இருந்தன. ஒரு மணியைக் குறுக்கே வெட்டி அயோடின் துளியை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். வழக்கமாக உருண்டை உருண்டையாகத் தெரியும் மாவுச்சத்துத் துகள்கள் அதில் நெளிந்தும் பிளந்தும் கிடந்தன. எஞ்சிய மணிகளை எண்ணினேன், 137 இருந்தன. ஐந்தை மாவுச்சத்துச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைப் பழுப்பு உறையில் இட்டு, மூன்று மாற்றங்களின் எண்களையும் பென்சிலால் எழுதி, குளிரறையில் வைத்தேன்.